ரிப்போர்ட் திங்கட்கிழமை வரும்

இதயப் பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. முடிவு கைக்கு வரும்வரை காத்திருப்பதுதான் பெரும்பாடு. பெங்களூரின் விவேக் நகரிலிருந்து ஒரு காத்திருப்பின் கதை.

வியாழக்கிழமைகளில் விவேக் நகரில் நடக்க இடம் கிடைக்காது. குழந்தை இயேசு ஆலயத்துக்குக் காலையிலிருந்தே கூட்டம் வந்தபடி இருக்கும். மெழுகுவர்த்தி, பூமாலை விற்பவர்கள் ஒரு பக்கம், ஆட்டோக்கள் இன்னொரு பக்கம். தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பூசை நேரம். நெற்றியில் குங்குமத்தோடு வருபவர்கள் உண்டு, பர்தா அணிந்து வருபவர்களும் உண்டு. பரீட்சை, விசா, குழந்தை வரம், கோர்ட் தீர்ப்பு என்று ஏதோ ஒரு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும்.

2025 ஜூலை 3ஆம் தேதியும் ஒரு வியாழக்கிழமை. அன்று அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது என் சட்டைக்குள் ஐந்து ஒயர்கள் ஒட்டியிருந்தன. இடுப்பில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கருவி. ஹோல்டர் என்று பெயர். ஒரு நாள் முழுக்க இதயம் அடிக்கும் ஒவ்வொரு அடியையும் பதிவு செய்துகொள்ளும். இரண்டு வாரமாக நெஞ்சு திடீர் திடீரென்று ஒரு அடியை விழுங்கிவிட்டு அடுத்ததைப் பலமாக அடித்தது. மாடிப்படியில் ஒருவர் கால் இடறிச் சமாளித்துக்கொள்வது மாதிரி. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், ஈசிஜி பார்த்தார், "எதற்கும் ஹோல்டர் போட்டுவிடலாம்" என்றார். அந்த 'எதற்கும்' என்ற சொல்லைத்தான் அடுத்த நான்கு நாள் மென்றுகொண்டிருந்தேன்.

ஒயர்களை ஒட்டிய கன்னடப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனூ ஆகல்ல, ஹெதர்பேடி சார்" என்றாள். ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள். நாளைக்கு வந்து கழற்றிக்கொள்ளலாம். ரிப்போர்ட்? திங்கட்கிழமை வரும். நடுவில் சனி, ஞாயிறு.

பயப்படாமல் இருக்க அது நல்ல வாரம் அல்ல. கர்நாடகமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஹாசன் மாவட்டத்தில் ஒரு மாதத்துக்குச் சற்றே கூடுதலான காலத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாரடைப்பில் இறந்துவிட்டார்கள், அவர்களில் இளைஞர்களும் உண்டு என்று செய்தி. ஜூலை 1ஆம் தேதி முதல்வர் சித்தராமையா, கொரோனா தடுப்பூசி அவசரமாக அனுமதிக்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தைக் கிளப்பினார். மறுநாளே மத்திய சுகாதார அமைச்சகம் மறுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் எய்ம்ஸும் நடத்திய ஆய்வுகளில் தடுப்பூசிக்கும் திடீர் மரணங்களுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் தெரியவில்லை என்றது. அதற்குள் மைசூரில் ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையின் முன்னால் விடிவதற்கு முன்பே வரிசை நின்றது. எந்த நோய் அறிகுறியும் இல்லாதவர்களே அதில் ஏராளம். பதறி ஓடிவர வேண்டாம் என்று மருத்துவமனைத் தரப்பே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. உண்மையான நோயாளிக்கு இடம் வேண்டுமே.

பெங்களூருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் மாரடைப்பில் இறந்தார். வயது 46. உடற்பயிற்சியில் பெயர் பெற்றவர். சென்னையில் பிறந்தவர் என்பதால் தமிழர்களும் அவரைப் பாதி உறவாகவே நினைத்தார்கள். காலையில் உடம்பு சரியில்லை என்று குடும்ப டாக்டரிடம் போனவர், பெரிய மருத்துவமனையை அடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடுத்த சில நாட்களில் இரண்டு வகை வரிசைகள் உருவாயின. அவர் கண்கள் தானம் செய்யப்பட்ட செய்தி கேட்டு, தங்கள் கண்களையும் தருவதாக எழுதிக்கொடுக்க வந்தவர்கள் ஒரு வரிசை. பன்னேர்கட்டா சாலை ஜெயதேவா மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துக்கொள்ள முண்டியடித்தவர்கள் இன்னொரு வரிசை. "ஜிம்முக்குப் போன அப்புவுக்கே இந்தக் கதி என்றால்..." என்பதுதான் ஊரெங்கும் பேச்சு. இன்றும் விவேக் நகர் ஆட்டோக்களில் பாதியின் முதுகில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கும் 46 வயது. ஹோல்டரோடு நடந்தபோது ஒவ்வொரு ஆட்டோவும் அதை எனக்கு நினைவூட்டியது.

பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 52 நாடுகளில் நடந்து 2004ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வின்படி தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53. மற்ற நாட்டவரோடு ஒப்பிட்டால் ஐந்தாறு வருடம் முந்திக்கொள்கிறது. புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், வயிற்றுச் சதை, கொழுப்பு, மன உளைச்சல் என்று காரணங்கள் எல்லாம் தெரிந்தவைதான். ஆனால் ஒரு கூட்டத்தின் ஆபத்து வேறு, ஒரு ஆளின் ஆபத்து வேறு. ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவன் மனசு இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. செய்தித்தாளில் இறந்தவர்கள் எல்லோரும் அவன்தான்.

காத்திருப்பது ஏன் இவ்வளவு கொடுமையாக இருக்கிறது? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016ல் இதற்கு ஒரு விநோதமான சோதனை செய்தார்கள். 45 பேரைக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் உட்கார வைத்தார்கள். திரையில் உள்ள பாறையைப் புரட்ட வேண்டும். அடியில் பாம்பு இருந்தால் கையில் ஒரு சிறு மின் அதிர்ச்சி. பாம்பு நிச்சயம் இருக்கிறது என்று தெரிந்தபோது அவர்கள் அவ்வளவு பதறவில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சரிபாதி வாய்ப்பு என்ற நிலையில்தான் கண்மணி விரிந்தது, வியர்வை கூடியது. அதாவது அடி நிச்சயம் என்பதைவிட, அடி விழுமா விழாதா என்பதுதான் உடம்பை அதிகம் வதைக்கிறது. தூக்குத் தண்டனைக் கைதியைவிடத் தீர்ப்பு நாளைக்கு என்று தெரிந்தவன் தூக்கமிழப்பது இதனால்தான் போலிருக்கிறது.

மற்ற உறுப்புகளுக்கு இல்லாத ஒரு சிக்கலும் இதயத்துக்கு உண்டு. கல்லீரல் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்து கவலைப்பட்டால் கல்லீரல் துள்ளாது. இதயம் துள்ளும். பயந்தால் அட்ரினலின் சுரக்கிறது. துடிப்பு வேகமாகிறது, சில சமயம் ஒரு துடிப்பு தப்பியும் விழுகிறது. அதைக் கவனித்ததும் பயம் இன்னும் கூடுகிறது. கை தானாகவே மணிக்கட்டில் நாடியைத் தேடுகிறது. வேகமாக மூச்சு விடுவதால் விரல் நுனி மரத்துப்போகிறது. இடது கை மரத்தால் என்ன அர்த்தம் என்று நமக்குத்தான் சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறதே. நோயைத் தேடும் உறுப்பே நோய் மாதிரி நடித்துக் காட்டும் விசித்திரம்.

மருத்துவம் இதை நெடுநாளாக அறியும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சிரைப்பு என்று படுத்துவிட்ட சிப்பாய்களை ஆராய்ந்து ஜேக்கப் டா கோஸ்டா என்ற டாக்டர் 1871ல் கட்டுரை எழுதினார். பலருடைய இதயத்தில் கோளாறு எதையும் காண முடியவில்லை. 'சிப்பாயின் இதயம்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. முதல் உலகப் போரிலும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதே கதை. அவர்கள் நடிக்கவில்லை. வலித்தது உண்மை, துடித்தது உண்மை. குண்டு விழுமா விழாதா என்று காத்திருந்த உடம்பு அப்படித்தான் நடந்துகொண்டது.

தமிழுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். நமக்கு நெஞ்சு என்றால் மார்பும்தான், மனமும்தான். 'நெஞ்சு கனக்கிறது' என்று ஒருவர் சொன்னால் கூப்பிட வேண்டியது டாக்டரையா, நண்பரையா என்று குழம்ப வேண்டியிருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு மொழிபெயர்ப்பால் பிழைக்கிற எனக்கு இது தொழில் முறைத் தலைவலி. திருக்குறளில் நெஞ்சோடு பேசுவதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. சங்கக் கவிஞர்கள் ஒருபடி மேலே போய், காத்திருப்பதையே ஒரு திணையின் உரிப்பொருள் ஆக்கினார்கள். முல்லைக்கு 'இருத்தல்'. போருக்குப் போனவன் கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறான். மழை வந்துவிட்டது, அவன் வரவில்லை. முல்லைப்பாட்டில் வயதான பெண்கள் நெல்லும் மலருமாக ஊருக்கு வெளியே போய் விரிச்சி கேட்கிறார்கள். யாரோ யாரிடமோ எதேச்சையாகச் சொல்லும் நல்ல சொல் காதில் விழுந்தால் அதுவே நிமித்தம். ஓர் இடைப்பெண், பசியில் தவிக்கும் கன்றிடம் உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்கிற பொருளில் ஏதோ சொல்கிறாள். போதும், தலைவன் வந்துவிடுவான் என்று நம்பிக்கையோடு திரும்புகிறார்கள்.

எந்த மருத்துவமனை வராந்தாவிலும் விரிச்சி கேட்பவர்களைப் பார்க்கலாம். நர்ஸ் சிரித்தாளா? எக்கோ எடுத்தவர் ஒரே இடத்தில் கருவியை ஏன் இரண்டு தடவை வைத்து அழுத்தினார்? 'சாரை உள்ளே கூப்பிடுங்கள்' என்றார்களா, 'கூட வந்தவரைக் கூப்பிடுங்கள்' என்றார்களா? ஈசிஜி எடுத்த பையன் தாளைக் கிழிக்கும்போது உச்சுக் கொட்டினானே! அவனுக்குத் தாள் கோணலாகக் கிழிந்த வருத்தமாக இருக்கலாம்.

பயத்தின் இன்னொரு முகம் போய்ப் பார்க்காமலே இருப்பது. என் சித்தப்பா ஒருவர் 1998ல் ஒரு மருத்துவமனையில் டிரெட்மில் டெஸ்ட் செய்துகொண்டார். ரிப்போர்ட்டை மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மறுநாள் ஆபீஸில் ஆடிட். அடுத்த வாரம் கல்யாணம். பிறகு அந்தப் பேச்சையே எடுக்காதே என்று சித்தியை அதட்டத் தொடங்கினார். ரசீது மட்டும் அவர் பர்ஸில் மடித்தபடி இருந்தது. பதினோரு மாதம் கழித்து அவர் மாரடைப்பில் இறந்தபோது அதை எடுத்துப் பார்த்தோம். அந்த ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்று இன்றுவரை குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

காத்திருப்பதை எப்படிச் சமாளிப்பது? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தில் கேட் ஸ்வீனி என்ற மனோதத்துவப் பேராசிரியை இதையே தொழிலாக ஆராய்கிறார். வக்கீல் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்கு நான்கு மாதம் காத்திருக்கும் சட்டப் பட்டதாரிகள் அவருக்கு வசமாகக் கிடைத்தார்கள். கவலைப்படாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது, நல்லதையே நினைப்பது, கெட்டதற்குத் தயாராவது என்று அவர்கள் செய்த உபாயங்கள் பெரிதாகப் பலிக்கவில்லை. ஆறுதலான ஒரு விஷயமும் தெரியவந்தது. காத்திருக்கும்போது தவித்தவர்கள்தான் முடிவு மோசமாக வந்தபோது நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள், நல்லதாக வந்தபோது கூடுதலாக மகிழ்ந்தார்கள். எனவே 'ஏன் இப்படிப் பயப்படுகிறோம்' என்று ஒரு தனிக் கவலை வேண்டாம்.

ஓரளவு பலித்ததாக அவரது பிற்கால ஆய்வுகள் சொல்வது இரண்டு. ஒன்று தியானம். இன்னொன்று, நேரம் போவதே தெரியாமல் ஆழ்ந்துபோகிற வேலை. டி.வி. பார்ப்பது அதில் சேராது, டி.வி. பார்த்தபடியே பயப்பட முடியும். கொஞ்சம் கஷ்டமான, கை நிறைய வேலையாக இருக்க வேண்டும். தையல், சதுரங்கம், தோட்டம், கணக்கு, சமையல். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒயர்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து, தவணை தவறிக்கொண்டிருந்த ஒரு கன்னடச் சிறுகதை மொழிபெயர்ப்பை எடுத்தேன். ஒரு வட்டார வழக்குச் சொல்லுக்கு நிகர்ச்சொல் தேடி இரண்டு மணி நேரம் போயிற்று. அந்த இரண்டு மணி நேரம் எனக்கு இதயம் என்று ஒன்று இல்லை.

இரவு வேறு கதை. இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் இன்டர்நெட் கூப்பிடுகிறது. எந்த அறிகுறியைப் போட்டாலும் மூன்றாவது பதில் மரணம். கையில் ஸ்மார்ட் வாட்ச் இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். நிமிடத்துக்கொருமுறை நாடியைக் காட்டி, அதைப் பார்த்தே நாடியை ஏற்றிவிடும். கழற்றி அலமாரியில் வைப்பதுதான் உத்தமம். மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக வெளியே விடுவது துடிப்பை உண்மையிலேயே தணிக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு போதும். காபியைக் குறைக்கலாம். தாங்க முடியாமல் போனால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்து பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த 'டெலி மானஸ்' மனநல உதவிச் சேவை அது, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசுகிறார்கள். அதற்குத் தலைமை நிறுவனம் விவேக் நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ்தான்.

ஆனால் ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். எல்லாமே மனப்பயம் என்று தள்ளிவிடவும் கூடாது. நெஞ்சின் நடுவில் பாரம் வைத்து அழுத்துவது போன்ற வலி சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், அது தோள், கை, தாடை, முதுகுக்குப் பரவினால், குளிர்ந்து வியர்த்தால், மயக்கம் வந்தால், நடந்தால் வலித்து நின்றால் அடங்கும் வலி ஓய்விலும் வரத் தொடங்கினால், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் அசதியும் மட்டும் வரலாம். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது: ரிப்போர்ட் எப்போது, அதை விளக்கப்போவது யார், எது நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும். நான் முதல் கேள்வியை மட்டும் கேட்டேன்.

திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தது. பன்னிரண்டு பக்கம். ஹோல்டர் என்ற அமெரிக்கர் 1940களில் முதல் கருவியைச் செய்தபோது அது ஏறத்தாழ 38 கிலோ. முதுகில் சுமந்துகொண்டு நடமாட வேண்டும். இப்போது கருவி சுருங்கி ரிப்போர்ட் பெருத்துவிட்டது. ஒரு நாளில் இதயம் சுமார் ஒரு லட்சம் தடவை அடிக்கிறது. என் லட்சத்தில் சில நூறு முந்திக்கொண்ட அடிகள். ஆரோக்கியமானவர்களிடமும் இது சகஜம், எக்கோவும் நன்றாக இருப்பதால் மருந்து தேவையில்லை, தூக்கத்தைக் கவனியுங்கள் என்றார் டாக்டர். எனக்குச் சிரிப்பு வந்தது வேறொரு விஷயத்துக்கு. கருவியோடு ஒரு டைரியும் கொடுத்திருந்தார்கள். படபடப்பு வந்த நேரங்களையெல்லாம் நிமிட சுத்தமாகக் குறித்திருந்தேன். பதினோரு இடம். அதில் ஒன்பது இடத்தில் இதயம் கொஞ்சம் வேகமாக, மற்றபடி ஒழுங்காகவே அடித்திருக்கிறது. முந்திக்கொண்ட அடிகள் அதிகம் விழுந்தது அதிகாலை மூன்றரைக்கும் நாலரைக்கும் இடையில். அப்போது நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஹாசன் விவகாரத்துக்கும் அந்த வாரமே ஒரு மாதிரி ரிப்போர்ட் வந்தது. ஜெயதேவா நிறுவன இயக்குநர் டாக்டர் கே.எஸ். ரவீந்திரநாத் தலைமையிலான நிபுணர் குழு, மரணங்கள் வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று அதிகரித்ததாகச் சொல்ல முடியாது என்றது. பட்டியலில் இருந்த 24 மரணங்களில் நான்குக்குக் காரணம் இதயமே அல்ல. மருத்துவமனைக்கு வெளியே நேரும் திடீர் மரணங்களை இனிக் கட்டாயம் பதிவு செய்து பிரேதப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று மாநில அரசு முடிவெடுத்தது. வரிசைகள் சுருங்கின.

என் ரிப்போர்ட்டைப் பற்றி வீதியில் தெரிந்துபோனதில் ஒரு பின்விளைவு. ரிப்போர்ட்டுகள் என்னைத் தேடி வரத் தொடங்கின. இவர்தான் இங்கிலீஷைத் தமிழாக்குகிறவர் ஆயிற்றே! அப்போதுதான் புரிந்தது, முடிவு வந்தபிறகும் பலருக்குக் காத்திருப்பு முடிவதில்லை. ஒரு ரிட்டயர்ட் ஆசிரியை தன் எக்கோ ரிப்போர்ட்டோடு வந்தார். இ.எஃப். 60 சதவிகிதம் என்று இருந்தது. "வாழ்நாள் பூரா பசங்களுக்கு மார்க் போட்டேன். எனக்கு அறுபதுதானா தம்பி?" என்றார். நிரம்பிய ரத்தத்தில் ஒவ்வொரு அடிக்கும் எத்தனை பங்கை இதயம் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. எந்த இதயமும் நூறு வாங்குவதில்லை. 55க்கு மேல் என்றாலே பொதுவாக சரிதான். இன்னொருவர் 'டிரிவியல் எம்.ஆர்.' என்பதை வட்டமிட்டுக் கொண்டுவந்தார். அற்பமான கசிவு, நல்ல இதயங்களிலும் காண்பது. டாக்டர்கள் சொல்லகராதியில் 'அன்ரிமார்க்கபிள்' என்பதுதான் உச்சபட்சப் பாராட்டு. சொல்லும்படி ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஈசிஜி மெஷின் தானாகவே அடித்துத் தரும் 'அப்நார்மல்' என்ற சொல் மெஷினின் அபிப்பிராயம் மட்டுமே. அதை டாக்டர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் அது ரிப்போர்ட். இப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கே கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் மாதம் ஒரு மாலை எங்கள் தெருமுனை ஸ்டாண்டின் ஆட்டோக்காரர் கதவைத் தட்டினார். வட ஆற்காட்டுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். மேடு ஏறினால் நெஞ்சில் ஏதோ பிடிக்கிறது என்று மகள் வற்புறுத்தி டிரெட்மில் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறாள். மூன்று நிமிடத்துக்கொருமுறை வேகமும் மேடும் கூடும் அந்த மெஷினில் ஆறு நிமிடம் ஓடியிருக்கிறார். கவரைக் கொடுத்தவர்கள் டாக்டரிடம் காட்டுங்கள் என்றதோடு சரி. எந்த டாக்டர், எப்போது என்று சொல்லவில்லை. மூன்று நாளாகக் கவர் வண்டியின் டேஷ்போர்டில் இருந்திருக்கிறது.

"பொண்ணு படிச்சுப் பாத்தா சார். பாசிட்டிவ்னு போட்டிருக்காம். நல்லதுதானே?"

முகம் மலர்ந்திருந்தது. கையில் ஒரு சின்ன ஸ்வீட் பாக்கெட் வேறு.

இருபது வருட மொழிபெயர்ப்பில் இவ்வளவு கஷ்டமான ஒரு சொல்லை நான் சந்தித்ததில்லை. கல்லூரியில் பாசிட்டிவ் என்றால் ஆக்கபூர்வமானது. பரிசோதனைச் சாலையில் பாசிட்டிவ் என்றால், தேடிய கோளாறு இருப்பதாகத் தெரிகிறது. உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் அவர் நெஞ்சில் ஏற்கெனவே ஏதோ பிடிக்கிறது. டிரெட்மில் பொய் சொல்வதும் உண்டு, குறிப்பாகப் பெண்களுக்கும் இளவயதினருக்கும். அதை வைத்துச் சமாதானம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் இவருக்கு வயதும் இருந்தது, பீடியும் இருந்தது, மேடு ஏறினால் வலியும் இருந்தது. சித்தப்பாவின் பர்ஸ் ஞாபகம் வந்தது.

"அண்ணே, இதுல பாசிட்டிவ்னா டெஸ்ட்ல ஏதோ தெரியுதுன்னு அர்த்தம். இதயத்துக்குப் போற ரத்தம் ஓடும்போது பத்தல. அடைப்பு இருக்கா இல்லையான்னு டாக்டர் பாத்துத்தான் சொல்லணும். நாளைக்கே போயிடலாம்."

அவர் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்ட முதல் கேள்வி உயிரைப் பற்றியது அல்ல. "எவ்வளவு சார் ஆகும்?" நம் ஊரில் இதய பயத்தில் பாதி பணபயம். ஸ்டென்ட் ஒன்றுக்கு லட்சத்துக்கும் மேல் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு கொண்டுவந்து, மருந்து பூசிய ஸ்டென்டின் விலையை முப்பதாயிரத்துக்கும் கீழே இறக்கியது. ஜெயதேவா மாநில அரசின் நிறுவனம். முதலில் சிகிச்சை, பிறகு பணம் என்பது டாக்டர் சி.என். மஞ்சுநாத் இயக்குநராக இருந்த வருடங்களில் அங்கே ஒரு கோட்பாடாகவே ஆகியிருந்தது. ரேஷன் கார்டு, ஆயுஷ்மான் கார்டு எல்லாம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அந்தத் தகவலுக்குப் பிறகுதான் அவர் தண்ணீர் குடித்தார்.

"வியாழக்கிழமை நொவேனா முடிச்சிட்டுப் போலாமா சார்?" என்றார். அன்று திங்கட்கிழமை.

"வேண்டாம்ணே. நாளைக்குப் போவோம். வியாழக்கிழமை கோயிலுக்குப் போய் நன்றி சொல்லிக்கலாம்."

அன்றிரவு அவரை வண்டி ஓட்ட வேண்டாம், மாடி ஏற வேண்டாம், வலி வந்தால் மணி பார்க்காமல் போன் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலை ஆறரைக்கு ஸ்டாண்டிலிருந்து இன்னொருவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். தன் வாழ்நாளில் முதல்முறையாக ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். மகள் கவரை மடியில் வைத்திருந்தாள். பன்னேர்கட்டா சாலையில் எங்களுக்கு முன்பே முந்நூறு பேர் இருப்பார்கள். வரிசை நகர நகர அவர் ஒவ்வொரு வெள்ளைக் கோட்டின் முகத்தையும் பார்த்தார். உள்ளே போய்விட்டு வந்த ஒரு பெரியவர் போனில் யாரிடமோ, "ஒண்ணும் இல்லையாம், சாயந்தரம் வந்திடுவேன்" என்று தமிழில் சொல்லிக்கொண்டு போனார். அவர் சட்டென்று என் கையைத் தொட்டார். "கேட்டீங்களா சார்?"

கேட்டது.

டாக்டர் ரிப்போர்ட்டை ஒரு நிமிடம் பார்த்தார், அவரிடம் நான்கு கேள்வி கேட்டார், ஆஞ்சியோகிராம் செய்துவிடலாம் என்றார். இரண்டு நாள் கழித்து மணிக்கட்டு வழியாகச் செய்தார்கள். ஒரு குழாயில் பெரிய அடைப்பு, அப்போதே ஸ்டென்ட் வைத்தார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் இருந்த நேரம் ஒரு மணிக்குச் சற்றே கூடுதல். மகள் பின்னல் ஊசியும் நூலும் கொண்டுவந்திருந்தாள். நான் மொழிபெயர்க்க ஒரு கதையை எடுத்துப் போயிருந்தேன். ஒரு வரிகூட ஓடவில்லை. அவள் ஒரு சாண் பின்னிவிட்டுப் பிரித்துவிட்டு மறுபடி பின்னினாள். கதவு திறந்து, "கூட வந்தவங்க யாரு?" என்று குரல் வந்தபோது இருவருமே ஒரே நேரத்தில் எழுந்தோம்.